நீர் அறிந்து இறங்குதல்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் நீண்டு கிடப்பது கம்பம் பள்ளத்தாக்கு. நெல்லும் வாழையும் தென்னையும் திராட்சையும் செழித்து விளங்கும் வளநாடு அது. பெரியாற்றின் நீர் 1895-ஆம் ஆண்டு முதல் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கு நோக்கி வந்து, இப்பள்ளத்தாக்கினுள் இறங்கி, வயல்களை ஊட்டி, வைகையோடு கலக்கின்றது. அவ்வாறு வந்து சேரும் நீரையெல்லாம் ஆண்டிபட்டிக்கு அண்மையில் தேக்கி நிற்பது வைகை அணை. 1959-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 21-ஆம் நாள், அந்நாளைய முதலமைச்சர் காமராசர் அதனைத் திறந்து வைத்தார்.

நீர்வளம் மிக்க நாட்டில் பிறந்தவர் நீந்தக் கற்பது இயல்பேயாம். இப்பகுதிச் சிறுவர் பலர் முதன்முதல் நீச்சல் பழகிய இடம் தோட்டத்துக் கிணறே. முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு, தந்தையோ தமையனோ கைதாங்க, அவர்கள் நீரில் இறங்கினர். இன்று சுரைக்குடுக்கையின் இடத்தைப் பிளாஸ்டிக் கேன் பெற்றுவிட்டது. ஆயினும் நீரைக் கண்டால் துள்ளும் உள்ளம் மட்டும் மாறவில்லை.

இத்துள்ளல் தமிழர்க்குப் புதியதன்று. புறநானூற்றின் 243-ஆம் பாட்டு, முதியவர் ஒருவர் தம் இளமையை நினைந்து இரங்குவதாக அமைந்தது. நீரின்மேல் சாய்ந்த மருதமரக் கிளையில் ஏறி, கரையில் நின்றோர் வியக்க ஆழ்ந்த மடுவிற் பாய்ந்து, அடிமணலை அள்ளி வந்த நாளை அவர் எண்ணிப் பார்க்கின்றார். அச்செயல் வீரமானதே. ஆயினும், மாணவர்களே, அதில் இரண்டு செய்திகள் அடங்கியிருத்தலைக் காண்க. ஒன்று, அவர் பாய்ந்த மடு ஆழமானது. மற்றொன்று, கரையில் பார்த்து நின்றோர் இருந்தனர். ஆழமும் இல்லாமல், காண்பாரும் இல்லாமல் பாய்ந்திருப்பின், முதுமையில் நினைந்து பாட அவர் இருந்திருப்பாரோ என்பது ஐயமே.

இவ்வாறு நான் எண்ணுதற்குக் காரணம் உண்டு. என் இளமைத் தோழர் ஒருவர் எங்கள் ஊரில் நீச்சலுக்குப் பேர்பெற்றவர். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கிணறு நிறைந்து நிற்கும்போது, விளிம்புக் கல்லின்மேல் ஏறித் தலைகீழாகப் பாய்ந்து, நெடுநேரம் கழித்து வேறொரு மூலையில் எழுவார். நாங்கள் கைகொட்டி ஆரவாரிப்போம். ஓராண்டு உறவினர் ஊருக்குச் சென்றிருந்த அவர், பங்குனி மாதத்தில் திரும்பி வந்தார். வந்த அன்றே அதே கல்லின்மேல் ஏறி, அதே வகையிற் பாய்ந்தார். கிணறு பழைய கிணறுதான். நீர்தான் பழைய நீர் அன்று. கோடையில் அது கீழே இறங்கிவிட்டிருந்தது. தலை பாறையில் மோதியது. உயிர் பிழைத்தார், ஆனால் கழுத்துக்குக் கீழே உடல் அவர் ஏவல் கேட்கவில்லை. அதன்பின் அவர் வாழ்ந்த காலம் முழுவதும் கட்டிலிலேயே கழிந்தது. நான் காணச் சென்றபோதெல்லாம், "ஒருமுறை படியில் இறங்கிப் பார்த்திருக்கலாம், ஐயா" என்று கூறுவார். வேறு குறையொன்றும் அவர் எவர்மேலும் சொல்லியதில்லை.

ஆழமறியாமல் காலை விடாதே என்பது நம்மவர் பழமொழி. காலையே விடலாகாது என்று முன்னோர் விலக்கியிருக்க, நாம் தலையை விடுவது எவ்வளவு பேதைமை!

இனி, இக்காலத்து நீச்சற் பந்தயங்களை நோக்குவோம். சென்னை வேளச்சேரியில் 1995-ஆம் ஆண்டுத் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக அமைக்கப்பெற்ற பெரிய நீச்சற்குளம் உள்ளது. மதுரை முதலிய நகரங்களிலும் குளங்கள் உள்ளன. கிணற்றிலும் கால்வாயிலும் பழகிய ஊர்ப்புறச் சிறுவனும் சிறுமியும் இன்று பள்ளியின் சார்பாக அத்தகைய குளங்களுக்குப் பந்தயத்திற்குச் செல்கின்றனர். பந்தயம் தொடங்குமுன், உடலைப் பதப்படுத்துவதற்காகப் போட்டியாளர் அனைவரும் குளத்தில் இறங்கிச் சிறிது நேரம் நீந்துவர். விளையாட்டரங்குகளில் வார்ம் அப் என வழங்கும் இதனை நாம் முன்பயிற்சி என்று குறிப்போம்.

நீச்சற் பந்தயத்தில் இடர் எப்பொழுது மிகுதி என்று கேட்டால், பந்தயத்தின்போது என்றே பலரும் விடை கூறுவர். அது பிழை. பந்தயத்தில் ஒருவர்க்கு ஒரு பாதை. நடுவர்கள் நாற்புறமும் நிற்பர். ஒலி கேட்டபின்னரே அனைவரும் பாய்வர். முன்பயிற்சியிலோ ஒரே பாதையில் பலர் நீந்துவர். ஒருவர் மெல்லச் செல்வார், ஒருவர் விரைவார், ஒருவர் மல்லாந்து வருவார், ஒருவர் சுவரருகே நின்று இளைப்பாறுவார். அவ்வேளையில் மேலிருந்து ஒருவர் பாய்வாராயின், கீழிருப்பவர் தலைமேலோ முதுகின்மேலோ விழக்கூடும். விழுபவர், விழப்பெறுபவர் ஆகிய இருவரும் இடருறுவர். ஆதலின் பந்தயத்திற்கு முன்னுள்ள அரைமணி நேரமே மிக்க விழிப்புக்கு உரியது.

முன்பயிற்சியின் பயனை அறிய வைகை அணையையே சான்றாகக் கொள்ளலாம். அணையின் நீர்த்தேக்க உயரம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியை எட்டியதும் முதல் வெள்ள எச்சரிக்கை விடுக்கப்பெறும், 68.5 அடியில் இரண்டாம் எச்சரிக்கை. 69 அடியில் மூன்றாம் எச்சரிக்கை. அதன்பின்னரே மிகைநீர் ஆற்றில் விடப்பெறும். தேங்கிய பெருநீரைத் திடீரெனத் திறந்துவிட்டால் கரையோரத்து மக்களும் ஆடுமாடுகளும் என்னாவது? ஆற்றலைப் படிப்படியாக வெளிப்படுத்தலே அறிவுடைமை. நம் உடலும் அத்தகையதே. அதற்கும் மூன்று படிகளில் அறிவிப்புத் தருதல் வேண்டும்.

முதற்படி, தரையிற் செய்யும் பயிற்சி. கைகளைத் தோளோடு முன்னும் பின்னும் சுழற்றுதல், இடுப்பை மெல்லத் திருப்புதல், முழங்காலை உயர்த்தி நின்ற இடத்திலேயே நடத்தல், கணுக்காலை வளைத்து நீட்டுதல் ஆகியன போதும். இவற்றால் இதயம் சிறிது விரைந்து துடிக்கும். தசைகளுக்குக் குருதி மிகுதியாகப் பாயும். மூட்டுகள் எளிதில் இயங்கும். குளிர்ந்த தசை இறுகியிருக்கும். வெப்பமேறிய தசையோ விரைந்து சுருங்கி விரியும். ஈரத் தரையில் ஓடுதலும் ஒருவரையொருவர் தள்ளி விளையாடுதலும் கூடா. வழுக்கி வீழ்ந்தோர் பலர் நீரைக் காணாமலே வீடு திரும்பியுள்ளனர்.

இரண்டாம் படி, நீரில் மெல்ல நீந்துதல். பந்தயக் குளத்து நீர் 25 முதல் 28 பாகை செல்சியசு வரை வெப்பம் உடையதாக இருத்தல் வேண்டும் என்பது விதி. நம் உடலின் வெப்பமோ ஏறத்தாழ 37 பாகை. ஆகவே இதமாகத் தோன்றும் நீரும் உடலின் வெப்பத்தைக் கவர்ந்துகொண்டே இருக்கும். குளிர்நீரில் திடீரென விழுந்தால், நாம் விரும்பாமலே மூச்சு வாங்கும். அம்மூச்சு நீருக்குள் நிகழின் நீர் உள்ளே புகும். மெல்ல இறங்கி மெல்ல நீந்துவோர்க்கு இத்துன்பம் இல்லை. சிறிது நேரம் இளைப்பின்றி நீந்தி, பின்னர்க் காலுதைப்பையும் கைவீச்சையும் தனித்தனியே பழகுதல் நன்று.

மூன்றாம் படி, விரைவு. குறுகிய தொலைவைச் சிலமுறை பந்தய வேகத்தில் நீந்திப் பார்த்து, பின்னர் மீண்டும் மெல்ல நீந்தி உடலைத் தணித்தல் வேண்டும். களைப்புறும் அளவுக்கு நீந்துதல் ஆகாது. கருவூலத்தை வாயிலிலேயே செலவழித்துவிட்டுக் கடைத்தெருவுக்கு வெறுங்கையோடு செல்பவனைப் போல் ஆகிவிடும். பயிற்சி முடிந்தபின் உடலைத் துடைத்து, உலர்ந்த ஆடையால் போர்த்துத் தம் முறை வரும்வரை வெப்பம் குன்றாமல் காத்தல் வேண்டும்.

இனி, குளத்தில் ஒழுகும் முறையைக் கூறுவோம். இவை சிறு விதிகள். ஆயினும் உயிர் காப்பவை.

நீரில் இறங்கும்போது கால் முதலில் செல்லவேண்டும். தலை முதலில் செல்லலாகாது. குளத்தின் விளிம்பில் அமர்ந்து, ஒரு கையைச் சுவரின்மேல் ஊன்றி, கீழே எவரும் இல்லையென்று கண்டபின் மெல்ல வழுக்கி இறங்குக. பாய்ந்து தொடங்கும் மேடை நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் முதல் முக்கால் மீட்டர் வரை உயர்ந்திருக்கும். அம்மேடையின் முன்னே, சுவரிலிருந்து 1 மீட்டர் தொலைவு தொடங்கி 6 மீட்டர் வரையேனும் நீரின் ஆழம் 1.35 மீட்டருக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும் என்பது உலகப் போட்டி விதி. இது ஏறத்தாழ நான்கரை அடி. அவ்வாழம் இல்லாத பக்கத்தில் எவரும் பாய்தல் கூடாது. ஆழமுள்ள பக்கத்திலும், பாய்ச்சலுக்கென ஒதுக்கப்பெற்ற பாதையில், ஆசிரியரோ பயிற்சியாளரோ பார்த்து நிற்கும்போது மட்டுமே பாய்தல் வேண்டும்.

ஒரே பாதையில் பலர் நீந்தும்போது, ஒரு பக்கமாகச் சென்று மறுபக்கமாகத் திரும்பி வருவது வழக்கம். வலமாகச் சுற்றுவதா இடமாகச் சுற்றுவதா என்பதை அங்குள்ள மேற்பார்வையாளர் அறிவிப்பார். அவர் சொல்லே முடிவு. நம் சாலையில் எதிரெதிரே வரும் வண்டிகள் மோதாமல் செல்வது எதனால்? ஒவ்வொருவரும் தம் பக்கத்தை விட்டு அகலாமையால் அன்றோ! நீரிலும் அம்முறையே. முன்செல்பவர்க்குச் சிறிது இடைவெளி விட்டே புறப்படல் வேண்டும். இளைப்பாற விரும்புவோர் பாதையின் மூலையில் ஒதுங்கி நிற்க. சுவரின் நடுவே நின்றால், திரும்ப வருவோர் மோதுவர். பாதைகளைப் பிரிக்கும் மிதவைக் கயிற்றில் தொங்குதலும் அமர்தலும் கூடா.

பாய்ச்சலுக்கு ஒதுக்கிய பாதை ஒருவழிப் பாதையாகும். அங்கே ஒருவர் பாய்ந்து, மறுமுனை சென்று, கரையேறி, நடந்தே திரும்பி வரல் வேண்டும். முன்னவர் அகன்றபின்னரே அடுத்தவர் மேடையேறுதல் முறை. மல்லாந்து நீந்தும் போட்டியாளர் நீருக்குள் இருந்தே புறப்படுவர். அப்போது மேடையின்மேல் எவரும் நிற்றலாகாது. மல்லாந்து நீந்துவோர் சுவரைக் காணமாட்டார். அவர் பொருட்டே குளத்தின் இருமுனைகளிலும் சுவரிலிருந்து 5 மீட்டர் தொலைவில் கொடித்தோரணம் கட்டப்பெற்றிருக்கும். அத்தோரணத்தைக் கண்டது முதல் எத்தனை கைவீச்சில் சுவர் வரும் என்பதை முன்பயிற்சியிலேயே எண்ணி வைத்துக்கொள்க. எண்ணாதவர் தலை சுவரில் மோதும்.

மூச்சைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை உண்டு. நீருக்குள் நெடுநேரம் இருந்து காட்டவேண்டும் என்னும் ஆசையால், சிலர் பலமுறை வேகமாக மூச்சிழுத்து விட்டபின் மூழ்குவர். இதனால் குருதியிலுள்ள கரியமில வாயு குறைகின்றது. மூச்செடுக்க வேண்டும் என்று நம்மைத் தூண்டுவது பெரும்பாலும் அவ்வாயுவே. தூண்டுதல் குன்றிவிடவே, உயிர்வளி தீர்ந்துபோவதை மூழ்கியவர் உணரார். முன்னறிவிப்பு ஒன்றுமின்றி மயங்கி நீருக்குள்ளேயே கிடப்பார். வல்ல நீச்சற்காரரும் இவ்வாறு உயிர் இழப்பதுண்டு. ஆதலின் மூச்சடக்கும் போட்டியை நீரில் எவரும் விளையாட்டாகவும் செய்தல் வேண்டா.

இவ்வளவு கவனத்தையும் மீறி இடர் நேரலாம். அப்போது மேற்பார்வையாளர் ஊதல் ஒலிப்பார். ஒலி கேட்டதும் நீந்துவோர் அனைவரும் நின்று, அவர் கூறியபடி கரையேறுதல் வேண்டும். இடி முழங்கினாலும் அவ்வாறே. தலை மோதியவரைக் கண்டால், கையைப் பிடித்து இழுத்துக் கரையேற்ற முயலாதீர். முறிந்த கழுத்து அசையுமாயின் ஊறு பெருகும். உடனே உயிர்காப்பாளரைக் கூவி அழைத்து, அவர் வரும்வரை அடிபட்டவர் முகம் நீருக்கு மேலே இருக்கவும், தலையும் கழுத்தும் உடலோடு நேராக இருக்கவும் தாங்கிப் பிடிப்பதே செயற்பாலது. 108 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் அறிவித்தால் மருத்துவ ஊர்தி வரும். ஒருவர் தத்தளிப்பதைக் கண்டால் நீரில் குதியாமல், கழியை நீட்டுக. கயிற்றையோ மிதக்கும் பொருளையோ எறிக.

இவற்றையெல்லாம் கேட்டு, "கால் வைத்து இறங்குவது கோழையின் செயல் அன்றோ?" என்று சிலர் எண்ணக்கூடும். தோழர் நகைப்பர் என்னும் நாணமே பல இளைஞரைப் பாயச் செய்கின்றது. மேலே கூறிய என் நண்பரும், எங்கள் கைதட்டலைக் கேட்டே பாய்ந்து பழகியவர். அக்கைதட்டலில் என் கையும் இருந்தது என்பதை நான் இன்றும் மறந்திலேன். ஆதலின், பாய்பவனுக்கு மட்டுமன்று, கரையில் நின்று பார்ப்பவனுக்கும் ஒரு கடமை உண்டு. ஆழமறியாது பாய முனைவோனை, "நில்" என்று சொல்வதே நட்பு. ஊக்குவது நட்பு அன்று.

உண்மையான துணிவு எத்தகையது என்பதை அறிய இரண்டு சான்றுகள் கூறுவேன். குற்றாலீசுவரன் என்னும் தமிழ்ச் சிறுவர் 1994-ஆம் ஆண்டில் பன்னிரண்டு வயதில் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். 2019-ஆம் ஆண்டில் தேனியைச் சேர்ந்த பத்து வயதுச் சிறுவன் ஒருவன், இலங்கையின் தலைமன்னாரிலிருந்து தனுசுகோடி வரை கடலை நீந்திக் கடந்தான். கடலையே கடந்த இவர்கள் தனியே சென்றவர்கள் அல்லர். நெடுநாட் பயிற்சி பெற்று, பயிற்சியாளர் படகில் உடன்வர, காலமும் காற்றும் நீரோட்டமும் ஆராய்ந்து அறிந்தபின்னரே இறங்கினர். காவலை ஏற்றுக்கொள்வது இழிவாயின், இவர்கள் அன்றோ அதனை முதலில் மறுத்திருத்தல் வேண்டும்? நீரை எவ்வளவுக்கு அறிந்தவரோ, அவ்வளவுக்கு அதனை மதிப்பவர் என்பதை இதனால் அறிக.

குளத்திற்குச் சொன்ன விதி அணைக்கும் ஆற்றுக்கும் பன்மடங்கு பொருந்தும். வைகை அணையின் நீர்த்தேக்கத்திலும், மதகுகளின் கீழும், கால்வாய்களிலும் மேற்பார்வையாளரும் இல்லை. மிதவைக் கயிறும் இல்லை. நேற்று இடுப்பளவு இருந்த இடம் இன்று தலைக்கு மேல் இருக்கலாம். நேற்று ஆழமாக இருந்த இடத்தில் இன்று பாறை தோன்றலாம். பெரியோர் துணையின்றி அங்கு இறங்குதல் எஞ்ஞான்றும் வேண்டா.

மாணவர்களே, நீச்சல் நல்ல கலை. உடலுக்கு உறுதியும் உள்ளத்துக்கு ஊக்கமும் தருவது; பிறர் உயிரைக் காக்கவும் உதவுவது. அதனை அனைவரும் கற்பீராக. பந்தயங்களிலும் கலந்துகொள்வீராக. வெற்றி பெறுதல் ஒருவர்க்கே வாய்க்கும். நலத்தோடு வீடு திரும்புதல் அனைவர்க்கும் வாய்க்க வேண்டும். அதற்கு வேண்டுவது அரைமணி நேர ஒழுங்கே. பள்ளியின் சார்பாக நீங்கள் குளக்கரையில் நிற்கும் நாளில், முதலில் நீரைப் பார்ப்பீராக. பின்னர் அருகிலிருப்பவரைப் பார்ப்பீராக. அதன்பின் கையைச் சுவரில் ஊன்றி, காலை முன்வைத்து இறங்குவீராக.